செம்பையும் ஒளிர விடுவோம்

ஓஎல்இடி கைபேசித் திரைகளின் சிவப்பும் பச்சையும் இன்று பெரும்பாலும் இரிடியம் சேர்மங்களின் ஒளி. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில டன்களே கிடைக்கும் இந்த உலோகத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. செம்போ ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கும் மேல் வெட்டியெடுக்கப்படுகிறது. ஒளிரும் செம்புச் சேர்மங்களுக்கான ஆய்வை ஓரத்தில் வைத்திருப்பது சரியல்ல என்பதே என் வாதம். செம்பால் இந்த வேலையைச் செய்ய முடியும்: திரையில் மின்சாரம் உண்டாக்கும் கிளர்நிலைகளில், அதாவது ஆற்றல் ஏறிய மூலக்கூறு நிலைகளில், நான்கில் மூன்று பங்கு, சாதாரணக் கரிமச் சேர்மங்களில் ஒளியாக மாறாமல் போகும். தக்க செம்புச் சேர்மங்களில் அறை வெப்பமே அவற்றை ஒளிரும் நிலைக்கு ஏற்றிவிடுகிறது.

செம்புச் சேர்மங்களின் வடிவம் நிலையற்றது என்பார்கள். உண்மைதான்: ஒளியை ஏற்றதும் எலெக்ட்ரான் ஒன்று செம்பை விட்டு, அதோடு பிணைந்த மூலக்கூறான ஈந்தணைவிக்கு நகர, நான்முகி வடிவிலிருந்த மூலக்கூறு தட்டையாகிறது, ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஆனால் இது வடிவமைப்பால் தீரக்கூடிய குறை. பருத்த ஈந்தணைவிகள் இப்படித் தட்டையாவதைத் தடுக்கின்றன. செம்பின் இருபுறமும் கார்பீன், அமைடு என்னும் ஈந்தணைவிகளை நேர்கோட்டில் பிணைத்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2019-ல் 99 சதவீதத்துக்கும் மேலான ஒளிர்திறனை அறிவித்தார்கள். இந்த முடிவு எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது.

ஒரு திரைக்கு இரிடியம் துளிதானே வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒருவகைக் கருவிகளும் அதே இரிடியத்தையே நாடுகின்றன. செம்புச் சாதனங்களின் ஆயுள் இன்னும் போதாது என்பது வலுவான ஆட்சேபம். நீல ஒளியில் இரிடியமே இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் போராடியிருக்கிறது; அதற்குக் கிடைத்த பொறுமையும் பணமும் செம்புக்கும் கிடைக்க வேண்டும்.