இரண்டு மாத்திரை போதுமா?

வயிறு கடுக்கிறது, சீதமும் இரத்தமுமாகப் போகிறது. என்ன செய்கிறோம்? மருந்துக் கடையில் "மெட்ரோஜில் இரண்டு கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுக்கிறார். மறுநாள் நடவுக்கோ ஷிப்டுக்கோ போய்விடுகிறோம். போகாவிட்டால் கூலி ஏது?

தோழர்களே, மெட்ரோனிடசோல் என்ற இந்த மருந்து நல்ல மருந்துதான். அமீபாவால் வரும் சீதபேதிக்கும், காற்றில்லாத இடத்தில் வளரும் சில பாக்டீரியாக்களுக்கும் எதிரி. ஆனால் எல்லாப் பேதிக்கும் மருந்தல்ல. வைரஸால் வரும் பேதியை அது தொடாது. எந்தப் பேதி என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆகவேதான் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, மாத்திரை கடையில் கிடைக்கிறது!

கடுப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறோம். நின்றது கடுப்புதான், கிருமி சாகவில்லை. டாக்டர் எழுதிய நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். குடலில் பதுங்கிய அமீபாவை ஒழிக்க இன்னொரு மருந்து எழுதினால் அதையும் விடக்கூடாது.

முக்கியமானது குடி. மாத்திரை சாப்பிடும் நாட்களிலும், முடிந்தபின் மூன்று நாளும் கள்ளோ பிராந்தியோ கூடவே கூடாது. மீறினால் முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தி எடுக்கலாம். (மறுநாள் "மாத்திரை சேரவில்லை" என்று மருந்தின்மேல் பழிபோடும் தோழர்களும் உண்டு.)

சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள். வாய் கசக்கலாம், சிறுநீர் கறுக்கலாம். அதற்குப் பயம் வேண்டாம். கைகால் மரத்தாலோ, வலிப்பு கண்டாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் ஓடுங்கள். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், ஈரல் நோயாளிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் முன்பே சொல்லிவிட வேண்டும். பேதியில் உடல் வற்றும்; உப்பு சர்க்கரைக் கரைசலை நிறையக் குடிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தாலும் இரண்டு மாத்திரையோடு வேலைக்குப் போகிறவன் போகத்தான் செய்வான். அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் மில் தொழிலாளிக்கு, டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. கேட்டு வாங்குங்கள், அது பிச்சையல்ல. கழனியில் குனிந்து நிற்கும் சகோதரிக்கு அந்த 70 எங்கே? படுத்தால் அன்றையக் கூலி போயிற்று.

அமீபா வருவதோ மலம் கலந்த தண்ணீரில். சேரிக்குச் சுத்தமான குடிநீர், வேலை முடிந்து வரும் மாலையிலும் சுகாதார நிலையத்தில் டாக்டர், நோய் நாளுக்குக் கூலி: அடுத்த கிராமசபையில் இம்மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்போம்.