குரலுக்கு ஊசியா? முதலில் நாலு கேள்வி கேளுங்கள்

தைராய்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கழுத்துத் தழும்பும் ஆறிவிட்டது. குரல் மட்டும் வெறும் காற்றாக வருகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஜெராம் தோட்டத்துப் பள்ளி ஆசிரியைக்கோ, கடற்கரையில் மீன் விற்கும் அண்ணனுக்கோ இப்படி நேர்ந்தால் பிழைப்பே போய்விடும்.

என்ன நடக்கிறது? பேசும்போது இரண்டு குரல்நாண்களும் ஒன்று சேர வேண்டும். அவற்றை அசைக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்கிறது. அது அடிபட்டால் ஒரு நாண் அசையாமல் நின்றுவிடும். நடுவே இடைவெளி விழும். அந்த நாணுக்குள் ஊசி வழியே ஒரு பொருளைச் செலுத்தி, நடுப்பக்கம் தள்ளி வைப்பதுதான் ‘ஃபில்லர்’ சிகிச்சை.

இது புதிதல்ல. 1911-இல் ஜெர்மானிய மருத்துவர் புரூனிங்ஸ் பாரஃபின் மெழுகைச் செலுத்திப் பார்த்தார். மெழுகு இடம் மாறியது, கட்டியும் உண்டாக்கியது. 1960-களில் டெஃப்லான் வந்தது. குரல் சட்டென்று திரும்பியது. ஆனால் ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அங்கே கட்டி வளர்ந்தது. கரையாத பொருளைத் திரும்ப எடுப்பது லேசான வேலையல்ல.

அதனால்தான் இன்று கரையும் பொருள்களையே அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஹையலூரானிக் அமிலம் சில மாதங்கள் தாங்கும். கால்சியம் கலந்த வகை ஓராண்டு அளவுக்கு நிற்கும். அடிபட்ட நரம்பு சில மாதங்களில் தானாகவே மீளக்கூடும் என்பதால், தொடக்கத்தில் குறுகிய காலப் பொருளே பெரும்பாலும் பொருத்தம். நரம்பு மீளவே இல்லையென்றால் நிலையான அறுவை சிகிச்சையும் உண்டு.

பக்கவிளைவு? சில நாள் தொண்டை வலியும் கரகரப்பும் சகஜம். மிக மேலோட்டமாகச் செலுத்திவிட்டால் நாண் விறைத்து, குரல் முன்பைவிட மோசமாகலாம். ஒவ்வாமையோ வீக்கமோ மூச்சுவழியை அடைப்பது அரிது, ஆனால் ஆபத்தானது. மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, திணறல் ஏற்பட்டாலோ காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை: என்ன பொருள்? எத்தனை மாதம் தாங்கும்? தவறினால் கரைக்க முடியுமா? யார் செலுத்துகிறார்? கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான்: காது, மூக்கு, தொண்டை நிபுணர். முகத்துக்கு ஃபில்லர் போடும் அழகு நிலையம் இதற்கான இடமல்ல. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இடப்பக்கக் குரல் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றி மேலேறுகிறது. எனவே நுரையீரல் கட்டியும் முதலில் குரல் மாற்றமாகத் தெரியலாம். நான்கு வாரம் தாண்டியும் கரகரப்பு தீரவில்லையா? புகைப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற இடத்தில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியட்டும், ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம்.