சுவருக்கு வந்த காய்ச்சல்

‘சட்டத்தில் இடமிருக்கிறது, செய்தோம்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், நியாயத்தைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். பெருந்தொற்று நிவாரணப் பணத்தில் கட்டடங்களைச் சீரமைத்துக்கொண்ட அமெரிக்கச் சர்வகலாசாலைகள் சொல்லும் சமாதானம் இதுதான்.

விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் அங்கே கல்லூரிகள் மூடப்பட்டன. விடுதிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த பிள்ளைகளுக்கு அந்த வேலையும் போயிற்று. அம்மாதக் கடைசியில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, உயர்கல்விக்குச் சுமார் 1,400 கோடி டாலர் ஒதுக்கிற்று. அந்த டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 7,600 கோடி டாலர். முதல் சட்டப்படி ஒரு கல்லூரி தன் நேர் பங்கில் பாதிக்குக் குறையாமல் மாணவருக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவிட வேண்டும். மீதி நிர்வாகத்தின் கையில். அதில் புதுக்கட்டடம் கட்டக்கூடாது, நிலம் வாங்கக்கூடாது. நோயைத் தடுப்பதற்கான ‘சிறு சீரமைப்பு’ மட்டும் செய்யலாம்.

அந்தச் ‘சிறு’ என்ற சொல்லில்தான் எல்லா வினையும் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பையே மாற்றுவதும், வழக்கமான பராமரிப்பும், பழுது பார்ப்பதும் அதில் சேராது என்று விதி சொல்கிறது. ஆனால், எது மாற்றம், எது பழுது பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்கிறவர் யார்? செலவு செய்கிறவர்தாம்!

எதிர்க்கட்சிக்காரனாக மட்டும் பேச எனக்கு விருப்பமில்லை. இந்த நோய் காற்றில் பரவுவது. அடைத்த வகுப்பறையில் காற்றோட்டத்துக்கு வழி செய்தால் அது நோய்த் தடுப்புதான்; மறுப்பவன் மூடன். கை கழுவும் குழாயை மாற்றுவதும் அப்படியே. என் சண்டை காற்றோடும் குழாயோடும் அல்ல. பல வருஷங்களாகச் செய்ய நினைத்துத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம், பணம் வந்ததும் திடீரென்று நோய்த் தடுப்பாக ஞானஸ்நானம் பெறுகிறதே, அதோடுதான்.

‘ரொக்கம் ஒரு மாதத்தில் கரைந்துவிடும்; கட்டடம் நாளைய மாணவருக்கும் பயன்படும்’ என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், வாடகை கொடுக்க முடியாமல் 2020-ல் படிப்பை விட்டுப் போன பெண், அந்த அழகிய மண்டபத்தில் வந்து உட்காரப்போவதில்லை. நிவாரணம் அவள் பெயரைச் சொல்லி வாங்கியது. நாளைய மாணவருக்கு வேறு நிதி திரட்டலாம்; அவளுடைய நேற்றைத் திருப்பித் தர எந்த நிதியாலும் ஆகாது.

இன்னொன்றையும் பாருங்கள். அரசாங்கக் கல்வி உதவிக்குத் தகுதியுள்ள மாணவருக்கே இந்த ரொக்கம் என்று 2020 ஏப்ரலில் அந்நாட்டுக் கல்வி இலாகா நிபந்தனை போட்டது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவருக்கும், குடியேற்றப் பத்திரம் இல்லாதவருக்கும் கதவடைப்பு. 2021 மே மாதத்தில்தான் அந்தக் கதவு திறந்தது. இது சர்வகலாசாலைகள் செய்த குற்றமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பசித்த பிள்ளையிடம் தகுதிப் பத்திரம் கேட்ட அந்த ஒரு வருஷத்தில், சுவரிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை என்பதை எப்படி மறப்பது?

சட்டத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது என்பது அங்கேயும் தெரியாததல்ல. ஏறக்குறைய 4,000 கோடி டாலர் மூலதனம் வைத்திருந்த ஹார்வர்டு, தனக்கு ஒதுக்கிய 80 லட்சத்துக்கு மேற்பட்ட டாலரை முழுக்க மாணவருக்கே கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தது. கூச்சல் அடங்கவில்லை. 2020 ஏப்ரலிலேயே, ‘வேண்டாம்’ என்று விட்டுவிட்டது. சட்டமா தடுத்தது? ஊர் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது!

ஆகவே, சீரமைத்த நிர்வாகிகளிடம் நான் தணிக்கைச் சான்றிதழ் கேட்கவில்லை. எத்தனை மாணவர் உதவி கேட்டு எழுதினார்கள், எத்தனை பேருக்கு இல்லையென்று பதில் போயிற்று — இவ்விரண்டு எண்ணிக்கையையும் முதலில் சொல்லட்டும். இரண்டாவது எண் பூஜ்யமானால், அந்தச் சுவரை நானும் நின்று பாராட்டுகிறேன்.