பட்டா இல்லாத முற்றமும் வீடுதான்

திருப்பூர் ராயபுரத்தில் குழாய் பதிக்க வருபவர்கள் வாசல்படியை உடைத்தால், வீட்டுக்காரர் வேலையை நிறுத்திக் கேள்வி கேட்பார். அவரிடம் கிரயப் பத்திரம் இருக்கிறது, வார்டு கவுன்சிலரின் எண் இருக்கிறது. ஊருக்கு வெளியே காலனியில் அதே பொக்லைன் இறங்கினால் எதிர்க்கேள்விதான் வருகிறது: “உன்னிடம் பட்டா இருக்கிறதா?”

இந்த வேறுபாட்டைப் பேசாமல் கொங்கு மண்டலத்தின் குழாய், மின்கோபுரப் பிரச்சினைகளைப் பேசி முடிக்க முடியாது.

கெயில் நிறுவனத்தின் கொச்சி - பெங்களூரு எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 7 மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே வந்தபோது விவசாயிகள் போராடினர். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுங்கள் என்று 2013-இல் தமிழக அரசும் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில் மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. பின்னர் ராய்கர் - புகளூர் 800 கிலோவோல்ட் மின்பாதைக்கு எதிராகவும் இந்த வட்டாரம் போராடியது. போராட்டங்கள் நியாயமானவை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் பெரும்பாலும் உட்கார்ந்தவர் பட்டாதாரர். அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரின் குடியிருப்பு அங்கே பேசப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? எரிவாயு, பெட்ரோலியக் குழாய்களுக்கானது 1962-ஆம் ஆண்டின் நில உபயோக உரிமைச் சட்டம். இதில் நிலம் நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பகுதியில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இழப்பீடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், சேதத்துக்குத் தனித் தொகையும் உண்டு.

இதே சட்டத்தின் 7-ஆம் பிரிவை நம் மக்கள் அவசியம் அறிய வேண்டும். அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாகப் பயன்பட்ட நிலம், நிரந்தரக் கட்டடம் உள்ள நிலம், வீட்டைச் சேர்ந்த நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது. அங்கே சொல்லப்படுவது ‘பயன்பாடு’, பட்டா அல்ல. இழப்பீடு பற்றிய 10-ஆம் பிரிவும் ‘நிலத்தில் அக்கறை உள்ளவர்’ என்றே சொல்கிறது. மரம், பயிர் மட்டுமல்ல, அவரது வருமானத்துக்கு வந்த பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

இது சிறிய விஷயமல்ல. நம் பெண்களுக்கு முற்றம் என்பது அழகுக்கான இடமல்ல. பனியன் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் துணியில் பிசிர் வெட்டுவது அங்கேதான். ஆடு கட்டுவது, முருங்கை வளர்ப்பது, தட்டி மறைவில் குளிப்பது எல்லாம் அந்த ஒரு துண்டு மண்ணில்தான். பத்து நாள் பள்ளம் கிடந்தால் பத்து நாள் கூலி போகிறது.

மின்பாதைக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. பவர்கிரிட் பயன்படுத்தியது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரம். இயன்றவரை குறைவாகச் சேதம் செய்ய வேண்டும், அக்கறை உள்ள எல்லோருக்கும் முழு இழப்பீடு தர வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

ஆக, சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கில்தான் இடம் இல்லை. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, அளந்து காட்டப்படாத ஒப்படை மனை, புறம்போக்கு என்று எழுதப்பட்ட தெரு. இந்தக் குறைகளை உண்டாக்கியது நிர்வாகம். சுமப்பது தலித் குடும்பம்.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியவை மூன்று. குழாய், கோபுரப் பாதையின் சர்வே எண்களைக் காலனியிலும் ஒட்டி, கிராம சபையில் வாசிக்க வேண்டும். குடும்ப அட்டை, மின் இணைப்பு, வீட்டு வரி ரசீதைக் குடியிருப்புக்கான சான்றாக ஏற்க வேண்டும். தோண்டும் முன் முற்றத்தைப் படமெடுத்து, குடும்பத்திடம் நகல் தர வேண்டும்.

நாமும் காத்திருக்க வேண்டாம். அளவைக்கல் நட்ட அன்றே படமெடுங்கள். 21 நாட்களுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் தெருவாகப் போங்கள். பட்டா இருக்கிறதா என்று கேட்டால், 7-ஆம் பிரிவைப் படித்தீர்களா என்று கேளுங்கள்.