மடிக்கணினிக்குள் யாரை அனுமதிக்கிறோம்?

கிளிநொச்சியில் ஓர் அம்மாவின் வீட்டு முற்றத்தில் இருந்து அவருடைய வாக்குமூலத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கையளித்ததைப் பற்றி அவர் சொன்னார். அவர் எத்தனையோ ஆணைக்குழுக்களில் சொன்ன கதைதான். ஆனால், இந்தமுறை இடையில் நிறுத்தி, இதுவரை எங்கும் சொல்லாத ஒரு பெயரைச் சொன்னார். மகன் பஸ்ஸில் ஏறியதைக் கண்ட இன்னொருவரின் பெயர். அந்த ஆள் இப்போதும் அதே ஊரில் பிள்ளைகளுடன் வாழ்கிறார்.

சொல்லி முடித்தபிறகு என்னுடைய மடிக்கணினியைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதை வேற ஆரும் பாப்பினமோ பிள்ளை?"

"இல்லை அம்மா, பூட்டித்தான் வச்சிருக்கிறன்" என்றேன்.

அப்போது எனக்கு அது உண்மையாகத்தான் தெரிந்தது. நான் பயன்படுத்துவது டெபியன் லினக்ஸ். வன்தட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நீண்ட கடவுச்சொல் போட்டிருக்கிறேன். கடைகளில் போட்டுத் தரும் கிராக் செய்த விண்டோஸை விட்டு வந்ததே இந்தப் பாதுகாப்புக்காகத்தான். சில மாதங்களின் பின்னர்தான், பூட்டை நான் போட்டிருந்தாலும் சாவியை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது விளங்கியது.

ஒலிப்பதிவுகளில் காற்றுச் சத்தத்தைக் குறைப்பதற்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது பழைய பதிப்பு. இணையத்தில் தேடியபோது ஒரு தளம், 'இந்த ஒரு வரியைப் பிரதி செய்து ஒட்டுங்கள், எல்லாம் தானாக நடக்கும்' என்றது. ஒட்டினேன். கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தேன். மென்பொருள் வேலை செய்தது. பிறகு ஒருநாள் வழமையான புதுப்பிப்பைச் செய்யும்போதுதான் கவனித்தேன்: நான் கேட்டிராத ஓர் அடிப்படை நூலகம், டெபியனிடமிருந்து அல்ல, அந்தத் தளத்தின் முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தத் தளத்தை நடத்துவது யார் என்று தேடினேன். ஒரு பெயர்கூட இல்லை.

பொதி என்றால் என்ன?

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் மென்பொருட்கள் 'பொதி'களாக வருகின்றன. டெபியனில் அவற்றை எடுத்துவந்து நிறுவுவது 'அப்ட்' என்ற பொதி முகாமையாளர். 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13இல் கிட்டத்தட்ட 70,000 பொதிகள் இருக்கின்றன. களஞ்சியத்தின் பட்டியலில் டெபியனின் இலத்திரனியல் கையொப்பம் இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற ஓர் எண் இருக்கும். வழியில் யாராவது பொதியைத் திறந்து ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் பொருந்தாது, அப்ட் அதை நிறுவ மறுத்துவிடும்.

இந்த ஒழுங்கு நல்லது. ஆனால் இரண்டு விடயங்களை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

ஒன்று, ஒரு பொதியை நிறுவும்போது அதனுடன் வரும் சிறு கட்டளைத் தொகுப்புகள் 'ரூட்' அதிகாரத்துடன் ஓடுகின்றன. அதாவது கணினியின் முழு உரிமையாளராக. அந்த சில விநாடிகளுக்குள் எந்தக் கோப்பையும் வாசிக்கலாம், எதையும் மாற்றலாம். கணினியைத் திறந்து வைத்திருக்கும்போது வன்தட்டின் மறைகுறியாக்கம் இதைத் தடுக்காது. அது அணைத்து வைத்த கணினியைத் திருடுபவனுக்கு எதிரான பாதுகாப்பு மட்டுமே.

இரண்டு, வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கும்போது, அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் நாங்கள் அனுமதி கொடுப்பதில்லை. அந்தக் களஞ்சியத்தில் எந்தப் பெயரில் ஒரு பொதி இருந்தாலும், அதன் பதிப்பு எண் டெபியனில் இருப்பதைவிட உயர்ந்ததாக இருந்தால், வேறு கட்டுப்பாடு எதுவும் இல்லாதவரை, அடுத்த புதுப்பிப்பில் அதுவே உள்ளே வரும். என்னுடைய கணினியில் நடந்தது அதுதான். பழைய முறைப்படி சேர்த்த கையொப்பச் சாவி இன்னும் மோசமானது. அந்தச் சாவியை வைத்திருப்பவர் எந்தக் களஞ்சியத்தின் பெயரிலும் கையொப்பமிடலாம், எங்கள் கணினி ஏற்றுக்கொள்ளும்.

உதவி செய்ய வந்தவர்

அப்படியானால் டெபியனின் சொந்தக் களஞ்சியத்தை மட்டும் பயன்படுத்தினால் போதுமா? 2024 மார்ச் மாதம் நடந்தது இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது.

'எக்ஸ்செட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல வருடங்களாகப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின். சம்பளம் இல்லை, ஓய்வு நேர வேலை. 2021இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். பணிவானவர், உழைப்பாளி. 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை தாமதமாகிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று கொலினை நெருக்கினார்கள். தனக்கு நீண்டகாலமாக உளநலப் பிரச்சினைகள் இருப்பதாகவும், இது ஊதியமில்லாத பணி என்பதை நினைவில் வைக்கும்படியும் கொலின் அவர்களுக்கு எழுதவேண்டியிருந்தது. மெதுமெதுவாகப் பொறுப்பு ஜியா டானின் கைக்குப் போனது.

2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு பின்கதவு இருந்தது. எல்லோரும் பார்க்கக்கூடிய மூல நிரல் களஞ்சியத்தில் அது முழுமையாக இல்லை. ஒரு பகுதி, பரிசோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை இயக்கிவிடும் பகுதி வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. குறி, தூரத்திலிருந்து சேர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச். அந்த மென்பொருள் எக்ஸ்செட்டை நேரடியாகப் பயன்படுத்துவதே இல்லை. டெபியன் போன்றவை அதில் செய்த ஒரு சிறு மாற்றம் 'சிஸ்டம்டி'யின் நூலகத்தை இழுத்துவர, அந்த நூலகம் எக்ஸ்செட்டை இழுத்து வந்தது. நாங்கள் ஒரு பொதியைக் கேட்கிறோம். அதன் பின்னால் பத்துப் பொதிகள் வருகின்றன. பத்தாவது பொதியை யார் செய்தார் என்று எவரும் கேட்பதில்லை.

கண்டுபிடித்தவர் மைக்ரோசொப்டில் வேலை செய்த ஆண்ட்ரெஸ் ஃபிராயுண்ட். அவர் பாதுகாப்பு நிபுணரல்ல, தரவுத்தள மென்பொருளாளர். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். மார்ச் 29இல் பகிரங்கமாக எழுதினார். பாதிக்கப்பட்டவை டெபியனின் சோதனைப் பதிப்புகள், ஃபெடோராவின் வெளிவரவிருந்த பதிப்பு போன்றவை மட்டுமே. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை பகிரங்கமாக உறுதிப்படுத்தப்படவில்லை.

இந்தச் சம்பவத்தில் கையொப்பங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கையொப்பம் சொல்வது, பொதி யாரிடமிருந்து வந்தது என்பதை மட்டுமே. அனுப்பியவரின் நோக்கத்தை அது சொல்லாது. உதவிக்கு வந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே இருந்தே காட்டிக்கொடுப்பது எங்களுக்குப் புதிய கதையல்ல. ஆனால், அதிலிருந்து 'ஒருவரையும் நம்பாதே' என்ற முடிவுக்குப் போவது தவறு என்றே நினைக்கிறேன். நிரல் திறந்திருந்தபடியால்தான் சந்தேகப்பட்ட ஒருவரால் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் அந்த அரை விநாடி வெறும் தாமதமாகவே போயிருக்கும்.

மேற்பார்வை குறைந்த இடங்களில் இவ்வளவு பொறுமைகூடத் தேவையில்லை. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பையே மாற்றி, பின்கதவு வைத்த இயங்குதளத்தைக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில், பிரபல உலாவிகளின் திருத்தங்கள் என்ற பெயரில் வந்த மூன்று பொதிகள் கணினியைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் தீநிரலைக் கொண்டுவந்தன. இரண்டு நாட்களில் அவை நீக்கப்பட்டன. அதற்குள் நிறுவியவர்களுக்கு அந்த நீக்கத்தால் பயனில்லை.

எங்களுக்கு ஏன் இது?

வடக்கு, கிழக்கில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் கண்காணிக்கப்படுவதை ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் நின்ற தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் வாக்குமூலங்கள் இப்போது இருப்பது சிறிய அமைப்புகளின், மாணவர்களின், என்னைப்போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களின் மடிக்கணினிகளில். எங்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு இல்லை. ஊடகக் கற்கையில் மூலத்தைப் பாதுகாப்பது பற்றிப் படித்தேன். ஆனால், அங்கு மூலம் என்றால் பெயரை எழுதாமல் விடுவது. அந்தப் பெயர் இருக்கும் இயந்திரத்துக்குள் யார் யாரை நானே அழைத்து வருகிறேன் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். நிபுணராக அல்ல, ஒருமுறை தவறியவராக.

வாக்குமூலங்கள் இருக்கும் கணினியில் டெபியனின் நிலையான பதிப்பு மட்டுமே. மென்பொருள் பழையதாக இருந்தால் இருக்கட்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கும் வருகின்றன, அவற்றை ஒருபோதும் பிற்போடுவதில்லை. இணையத்தில் கண்ட ஒரு வரியை ஒட்டிக் கடவுச்சொல் கொடுப்பதில்லை. அப்படி ஒரு நிறுவல் கோப்பு தேவையென்றால், முதலில் தரவிறக்கி, திறந்து வாசித்து, எதைச் செய்யப்போகிறது என்று விளங்கினால் மட்டுமே ஓடவிடுகிறேன். விளங்காவிட்டால் விட்டுவிடுகிறேன். புதிய பதிப்பு கட்டாயம் தேவையான வேலைகளுக்கு, எந்த வாக்குமூலமும் இல்லாத பழைய மடிக்கணினி ஒன்றை வைத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை 'சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பையும் அதன் பக்கத்தில் இருக்கும் 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' கோப்புறையையும் திறந்து, கணினி எந்தெந்த முகவரிகளிலிருந்து பொதிகளை எடுக்கிறது என்று பார்க்கிறேன். 'அப்ட் பொலிசி' என்ற கட்டளையும் இதைக் காட்டும். அறியாத முகவரி ஒன்று இருந்தால் அதை அழிப்பது மட்டும் போதாது. அங்கிருந்து ஏற்கனவே வந்த பொதிகள் தங்கியிருக்கும். தவிர்க்கவே முடியாத வெளியார் களஞ்சியம் என்றால், அதன் சாவி அந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும்படி கட்டிவைக்க இப்போது வழி இருக்கிறது. எந்தெந்தப் பொதிகள் அங்கிருந்து வரலாம் என்றும் வரையறுக்கலாம்.

இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. தனித்தனியாக ஒவ்வொருவரும் இதைப் படித்துக்கொண்டிருப்பதைவிட, வாக்குமூலங்களைச் சேகரிக்கும் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, இதைத் தெரிந்த ஓர் இளைஞரையோ யுவதியையோ ஊதியம் கொடுத்து வைத்திருக்கலாம். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். களைத்துப்போன ஒரு தன்னார்வலரிடம் எல்லாவற்றையும் விட்டதால் என்ன நடந்தது என்பதை எக்ஸ்செட் காட்டியிருக்கிறது.

என்னுடைய கணினியிலிருந்து ஏதாவது வெளியே போனதா? போனதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. போகவில்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. வன்தட்டை முழுதாக அழித்து மீண்டும் நிறுவினேன். பிறகு கிளிநொச்சிக்குப் போனேன்.

அம்மாவிடம் பொதி, களஞ்சியம் என்றெல்லாம் சொல்லவில்லை. "அண்டைக்கு ஒருத்தரும் பாக்கேலாது எண்டு சொன்னன். அது எனக்கு வடிவாத் தெரியாமல் சொன்னது அம்மா" என்றேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. மகனைப் பற்றி எதுவும் கேட்கவும் இல்லை. "அந்தாளின்ர பேரை மட்டும் அழிச்சு விடு பிள்ளை" என்றார். பிறகு, தானே அவருடைய வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொல்வதாகவும் சொன்னார்.

அவருக்கு முன்னாலேயே ஒலிப்பதிவில் அந்த இடத்தை வெட்டினேன். பஸ்ஸில் ஏறியதைக் கண்ட ஒரு சாட்சியின் பெயர் என்னுடைய பதிவில் இப்போது இல்லை.