சுறா சொல்லிடும்... சூரை சொல்லாது!

வீராம்பட்டினம் பீச்சுக்கு எதுக்குப் போவீங்க? ஆடி மாசத் தேருக்கு. இல்லேன்னா, ஃப்ரெண்ட்ஸோட கடல்ல கால் நனைக்க. ஒரே ஒரு தடவை, படகு கரையேறுற நேரத்துல போய்ப் பாருங்க பாஸ். பயாலஜி புக்ல கொட்டாவி விட வெச்ச ‘நொதி’ பாடம், அங்கே மணல்ல துள்ளிக்கிட்டிருக்கும்!

நொதின்னா வேற ஒண்ணும் இல்லை, நம்ம என்ஸைம்தான். மீன் செத்ததும் கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். ஆனா, மீனோட உடம்புல இருக்கற நொதிகளும், அதோட செவுள்லயும் குடல்லயும் குடியிருக்கற பாக்டீரியாவோட நொதிகளும் அதுக்கப்புறம்தான் ஓவர்டைம் பார்க்கும். எவ்வளவு வேகமாங்கறதுதான் மேட்டரே!

அருவாமனை போட்டு மீன் ஆயற அக்காவை நொதின்னு வெச்சுக்குங்க. அவங்க கைக்கு வர்ற மீன்தான் தளப்பொருள், அதாவது சப்ஸ்ட்ரேட். ரெண்டு மீன் வந்தா, ஆய்ஞ்சு போட்டுட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க. கூடை கூடையா வந்தா வேகம் ஏறும். ஆனா, ஒரு லெவலுக்கு மேல பத்துக் கூடை கொட்டினாலும் அதே வேகம்தான். இருக்கறது ரெண்டு கைதானே! 1913-ல் ஈஸ்ட்டோட இன்வர்டேஸையும் சர்க்கரையையும் வெச்சு இதைக் கணக்காவே எழுதினாங்க, மைக்கேலிஸும் மாட் மென்டனும். மென்டன், கனடாவிலிருந்து பெர்லின் போன ஒரு லேடி டாக்டர். எக்ஸாம்ல எழுதுறப்ப யாரோ மீசைக்காரர்னு நினைச்சிருந்தா, ஸாரி சொல்லிடுங்க!

இப்போ சுறா. கடல் உப்பைச் சமாளிக்க, சுறாவும் திருக்கையும் சதையில யூரியாவைத் தேக்கி வெச்சிருக்கும். சுமார் 2 சதவீதம்! மத்த மீன்கள்ல இந்த அளவு கிடையாது. பாக்டீரியாவோட யூரியேஸ் அதை உடைச்சா, அம்மோனியா. பழைய சுறா ‘குப்’புனு மூக்கைக் குத்தறது அதனாலதான். தளப்பொருள் கொட்டிக் கிடக்கு, நொதி புகுந்து விளையாடுது. நல்லவேளையா, நம்ம மூக்கே உஷார் பண்ணிடும்.

வம்பே சூரை, கானாங்கெளுத்தி, மத்தியிலதான். இதுங்க சதையில ஹிஸ்டிடின்கிற அமினோ அமிலம் ஏகத்துக்கும் இருக்கு. வவ்வால், சங்கராவுல கம்மி. மீன் சூட்டுல கிடந்தா, சில பாக்டீரியா பெருகி, தங்களோட நொதியால அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினா மாத்திடும். வாசனை, நிறம் எதுலயும் வித்தியாசம் தெரியாமலே இது நடக்கலாம். சாப்பிட்ட சில நிமிஷத்துலயோ, சில மணி நேரத்துலயோ முகம் சிவக்கும். தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், நெஞ்சு படபடக்கும். ‘எனக்கு மீன் அலர்ஜி’ன்னு பழி மீன் மேல போயிடும். 100 கிராம் மீன்ல 20 மில்லிகிராம் ஹிஸ்டமினைத் தாண்டக்கூடாதுங்கறது, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் போட்ட கோடு.

‘குழம்புல கொதிச்சா எல்லாம் செத்துடுமே’ங்கறீங்களா? பாக்டீரியா சாகும். நொதி ஒரு புரதம், அதுவும் சூட்டுல உருக்குலைஞ்சுடும். ஆனா, ஏற்கெனவே உருவான ஹிஸ்டமின் அப்படியே தட்டுக்கு வரும்! அடுப்பு, ஃப்ரீஸர், டப்பாவுல அடைக்கிற சூடு, எதுக்கும் அது அசையாது. புளியும் மஞ்சளும் எம்மாத்திரம்? கெட்டுப்போன மீனைக் கருவாடா போட்டாலும் இதே கதைதான்.

ஸோ, ஹீரோ ஐஸ்தான். நொதியோட வேகம், பத்து டிகிரி குறைஞ்சா தோராயமா பாதியாகும். 30 டிகிரி மீனை ஐஸ்ல போட்டு 0-க்குக் கொண்டு வந்தா, மூணு தடவை பாதி... எட்டுல ஒரு பங்குதான் மிச்சம். கவனிங்க, ஐஸ் நொதியைக் கொல்லறதில்லை. தூங்க வைக்குது, அவ்வளவுதான். பாக்டீரியா ஒரு தடவை நொதியைச் செஞ்சு குவிச்சுட்டா, குளிர்லயும் அது மெள்ள வேலை பார்க்கும். அதனால, சாயங்காலம் கடையில போடற ஐஸைவிட, நடுக்கடல்ல படகிலேயே போட்ட ஐஸுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

அடுத்த வாட்டி சூரை வாங்கறப்ப, “அக்கா, இதை ஐஸ்ல எப்போ போட்டாங்க?”ன்னு கேட்டுப் பாருங்க. அவங்க முறைச்சா... என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க!