பாயிண்டில் பறக்கும் கணக்கு

கோவண்டி, செம்பூர் வட்டாரத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சந்தித்துக்கொண்டால், பிள்ளைகளின் படிப்பு பற்றிப் பேசி முடித்ததும் கிரெடிட் கார்டு பாயிண்டுக்கு வந்துவிடுகிறார்கள். "மதுரைக்குப் பாயிண்டிலேயே பிளைட் டிக்கெட் எடுத்தோம், கைக்காசு செலவில்லை" என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் மறுநாளே கார்டுக்கு விண்ணப்பிக்கிறார். அந்தக் 'கைக்காசு செலவில்லை' என்ற பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. ரயில்வேயில் எஸ்டிமேட் போட்டுப் பழகிய கை ஆயிற்றே, இதற்கும் போட்டுப் பார்த்தேன்.

சாதாரணக் கார்டில் 100 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு பாயிண்ட் என்றும், அதன் மதிப்பு 25 பைசா என்றும் வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 20,000 பாயிண்ட் வேண்டும். அதாவது 20 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும்! கூடுதல் பாயிண்ட் தரும் உயர்ரகக் கார்டுகளும் உண்டு. அவற்றின் ஆண்டுக் கட்டணமும் உயர்ரகம்தான்.

இப்போது மறுபக்கம். பில்லில் 10,000 ரூபாயை ஒரு மாதம் பாக்கி வைத்தால், மாதம் மூன்றரை சதவீத வட்டியில் 350 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 413. இந்த 413 ரூபாயைப் பாயிண்டாகத் திரும்பப் பெற 1,65,200 ரூபாய்க்குச் சாமான் வாங்கியாக வேண்டும். அது மட்டுமல்ல, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 'மினிமம் டியூ' கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் நம் இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை. வங்கிக்குப் பாயிண்ட் வானத்திலிருந்து விழவில்லை. இவர்கள் கட்டும் வட்டியும், கடைக்காரர் கொடுக்கும் கமிஷனும்தான் இன்னொருவருடைய விமான டிக்கெட்டாகிறது. மாதாமாதம் முழுப் பில்லையும் கட்டுகிறவர் தாராளமாகப் பறக்கட்டும். ஊரில் துக்கம் என்று போன் வந்து, இரவோடு இரவாகக் கிளம்புகிறவருக்கு அந்தப் பாயிண்ட் பெரிய உதவிதான்.

ஆனால் வருடக்கணக்கில் சேர்த்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. 1993-ல் நம் பம்பாயிலிருந்து பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந் தேதி நின்றுபோனது. மைல் கணக்கு தனிக் கம்பெனியிடம் இருந்ததால் மைல்கள் அழியவில்லை; ஏறுவதற்குத்தான் ஜெட் விமானம் இல்லை. பாயிண்ட் என்பது பாங்க் டெபாசிட் அல்ல. வட்டி கிடையாது, பெரும்பாலும் காலாவதித் தேதி உண்டு, மதிப்பைக் குறைக்கும் உரிமையும் கொடுத்தவரிடமே இருக்கிறது.

ரயிலில் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐஆர்சிடிசி-எஸ்பிஐ கார்டில் பாயிண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் என்று ஆகிவிட்டதால், பொங்கலுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போக நவம்பர் இரண்டாம் வாரமே காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பெர்த் கிடைத்த பிறகுதான் பாயிண்டைப் பற்றி யோசிக்க முடியும்.